மூன்றாவது பூனையை வீட்டுக்கு எடுக்கலாமா? பூனையின் வரலாறு சொல்லும் பதில்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கினால் பதுளையில் சில இடங்களில் காட்போட் பெட்டிகள் முளைத்துவிடும். சந்தைக்குப் பின்னால், பள்ளிவாசல் மதிலோரம், பாடசாலை வாசலடியில், தோட்டத்துப் பாதை வளைவில். உள்ளே மூன்று நான்கு பூனைக்குட்டிகள், கண் திறந்தும் திறக்காமலும். இரக்கமுள்ள ஒரு பிள்ளை அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். இரண்டு வாரம் கழித்துப் பெற்றோர் எங்களிடம் வந்து சொல்வார்கள்: "வீட்டில் இருந்த பழைய பூனை சாப்பிடுவதில்லை. ஒரே சீறல். மெத்தையில் மூத்திரம் பெய்துவிட்டது. புதியதைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாமா?"

இதே கேள்வி இப்போது எங்கள் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. எங்களிடம் இரண்டு பூனைகள். மூத்தது பெட்டை, இளையது கடுவன். சமையலறை வாசலில் ஒன்று படுத்திருந்தால் மற்றது சாப்பிட வராது. இதற்கிடையில் காது கிழிந்த ஒரு தெருப் பூனை சில வாரமாகப் பின்வாசலுக்கு வந்து போகிறது. பிள்ளைகள் உள்ளே எடுப்போம் என்கிறார்கள். உம்மா, "இருக்கிற இரண்டையும் முதலில் சமாதானமாக்குங்க, பிறகு மூன்றாவதைப் பார்ப்போம்" என்கிறார். எந்தச் சண்டையையும் அதன் தொடக்கத்திலிருந்து பார்ப்பது வரலாறு படிப்பிக்கிறவர்களின் பழக்கம். ஆகவே பூனையின் கதையைத் தேடிப் படித்தோம். அதை உங்களோடும் பகிர்கிறோம்.

சைப்பிரஸ் தீவில் ஷில்லூரோகம்போஸ் என்றொரு பழைய குடியிருப்பு இருக்கிறது. அங்கே தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு மனிதரின் புதைகுழியையும், அதிலிருந்து ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு பூனையின் புதைகுழியையும் கண்டார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வின்படி அவற்றின் வயது சுமார் 9,500 ஆண்டுகள். சைப்பிரஸ் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. ஆகவே யாரோ அதைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

அதற்குச் சற்று முன்னர்தான் மேற்காசியாவில் மனிதர்கள் தானியம் விதைத்து, அறுவடையைச் சேமித்துவைக்கத் தொடங்கியிருந்தார்கள். சேமித்த இடத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. மனிதர் அதை விரட்டவில்லை. 2007-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இன்று உலகமெங்கும் வீடுகளில் இருக்கும் பூனைகளின் மூதாதை அந்தப் பகுதிக் காட்டுப் பூனைதான் என்று காட்டியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாயின் மூதாதை ஓநாய். அது கூட்டமாக வேட்டையாடும், கூட்டமாகச் சாப்பிடும். பூனையின் மூதாதை தனியாக வேட்டையாடும் விலங்கு. பிடிக்கிற ஒரு சிறிய எலி அதன் ஒரு வேளைக்கே காணாது; அதில் பங்கு கொடுக்க என்ன இருக்கிறது? ஆகவே தன் எல்லையை மணத்தால் குறித்துவைத்து, மற்றப் பூனை உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதே அதன் பிழைப்பாக இருந்தது. மனிதர் வாழும் இடங்களில் உணவு மிகுதியாகக் கிடைத்தபோது தாய், மகள், சகோதரி என்று இரத்த உறவுள்ள பூனைகள் சேர்ந்து வாழப் பழகின. முன்பின் தெரியாத பூனை வந்தால் மட்டும் பழைய காட்டுக் குணம் திரும்பிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், பூனை மனிதரோடு உடன்படிக்கை செய்தது. இன்னொரு பூனையோடு அது உடன்படிக்கை செய்யவில்லை. நம் வீட்டுச் சண்டைகளின் வேர் இதுதான். அது பொறாமையும் இல்லை, நன்றிகெட்ட குணமும் இல்லை.

நம் மொழியிலும் பூனைக்குப் பழைய இடம் உண்டு. பழந்தமிழில் காட்டுப் பூனைக்கு வெருகு என்று பெயர். சங்கப் பாடலில் மாலை நேரத்தில் வீட்டுக் கோழியைத் தேடி வேலிப் பக்கம் வருவது அதுதான். தொல்காப்பியத்தின் மரபியல், வெருகின் இளமைக்குக் குட்டி என்ற பெயரைச் சொல்கிறது. பூனைக்குப் பூசை என்றும் ஒரு பழைய பெயர் இருந்தது. நம் சிங்கள அயலவர்கள் "பூசா" என்று கூப்பிடும்போது அந்தப் பெயர் நினைவுக்கு வருகிறது.

இனி நம் ஊவாவுக்கு வருவோம். ரயிலும் வண்டிப் பாதையும் வருமுன் இந்த மலைகளுக்குப் பொருள் சுமந்தவை பொதிமாடுகள். தவளம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். கிழக்குக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறின; மலைநாட்டுப் பொருட்கள் கீழே இறங்கின. அந்த வணிகத்தில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. மூட்டை போகிற இடமெல்லாம் எலி போகும். எலி போகிற இடமெல்லாம் பூனையும் போகும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் காடு வெட்டிக் கோப்பி நட்டபோது எலியின் கதை பெரிதானது. 1845 முதல் 1850 வரை இலங்கையில் காலனித்துவச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1861-இல் வெளியான தன் இலங்கை விலங்குகள் பற்றிய நூலில் "கோப்பி எலி" என்ற ஒன்றைப் பற்றி எழுதுகிறார். காட்டில் நெலுச் செடியின் விதையைத் தின்று வாழ்ந்த எலி அது. அந்த உணவு தீர்ந்ததும் கூட்டம் கூட்டமாகக் கோப்பித் தோட்டங்களில் இறங்கி, மொட்டுள்ள கிளைகளைக் கத்தியால் வெட்டியதுபோல் கடித்துத் தள்ளியதாம். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொன்றிருக்கிறார்கள் என்கிறார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அந்த எலியைப் பொரித்தும் கறியாக்கியும் சாப்பிட்டதையும் அவர் குறிப்பிடுகிறார். அவர்களுடைய வயிறு எப்படி இருந்தது என்பதற்கும் அது ஒரு சாட்சி.

கோப்பியை அழித்தது எலியல்ல, ஒரு பூஞ்சணம். 1869-இல் நம் மடுல்சீமைப் பகுதியில்தான் அந்த இலை நோய் முதலில் காணப்பட்டது. பிறகு வந்தது தேயிலை. தேயிலையை எலி தின்பதில்லை. ஆனால் கொழுந்து பறிக்கும் கைகளுக்கு அரிசி வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் இறக்குமதி அரிசியை மொத்தமாக வாங்கி, தொழிலாளருக்கு அளந்து கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொண்டன. 1894-இல் ரயில் பண்டாரவளைக்கு வந்தது. 1924-இல் பதுளைக்கு வந்தது. அரிசி மூட்டைகள் வண்டியிலும் ரயிலிலும் வந்து, தோட்டத்து அரிசிக் களஞ்சியத்திலும் நம் கடைத்தெருவிலும் இறங்கின. அரிசிக் கடைக்குப் பூனை வேண்டும் என்பது நம் கடைக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை.

லயத்தை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, உள்ளே அடுப்பு. மனிதருக்கே போதாத இடம் அது. ஆனாலும் ஒரு லயத்தில் ஐந்தாறு பூனைகள் இருக்கும். தோட்டங்களிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளிடம் நாங்கள் இதைப் பற்றிக் கேட்டோம். அவர்கள் சொன்ன பதில் அழகானது: ஒவ்வொரு பூனைக்கும் ஒரு அடுப்பு, ஒரு கூரைத் துண்டு, ஒரு விறகுக் குவியல். ஒன்று கூரையில் போகும் நேரத்தில் மற்றது கீழே போகும். சோறும் கருவாட்டு முள்ளும் வீட்டுக்கு வீடு தனித்தனியாகக் கிடைக்கிறது. சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் தோற்ற பூனைக்கு ஓட ஒரு வழி இருக்கிறது. நம் டவுன் வீடுகளில் இல்லாதது அந்த வழிதான். கதவைச் சாத்தி, ஒரே கோப்பையில் சோறு வைத்து, "ரெண்டு பேரும் ஒற்றுமையாச் சாப்பிடுங்க" என்று சொன்னால் பூனைக்குப் புரியாது.

அரிசி மூட்டையோடு எலி மட்டும் வரவில்லை, நோயும் வந்தது. 1894-இல் ஹொங்கொங்கில் அலெக்சாந்தர் யெர்சன் பிளேக் கிருமியை இனங்கண்டார். 1898-இல் கராச்சியில் போல் லூயி சிமோன், அந்த நோய் எலியின் தெள்ளு வழியாகப் பரவுவதைக் கண்டுபிடித்தார். 1908-இல் இந்தியாவில் பணியாற்றிய புக்கானன் என்ற மருத்துவர், பூனை வளர்த்தால் பிளேக்கைத் தடுக்கலாம் என்று மருத்துவ இதழில் எழுதினார். 1914-இல் பிளேக் கொழும்புக்கே வந்துவிட்டது. ஆனால் பூனைக்கும் பிளேக் தொற்றும், அதிலிருந்து மனிதருக்கும் பரவலாம் என்று பின்னாளைய மருத்துவம் கண்டறிந்தது. பூனை வைத்திருப்பது மட்டும் போதாது, பூனையையும் கவனிக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

இன்று நமக்குப் பிளேக் பயம் இல்லை. விசர்நாய்க்கடி நோயின் பயம் இருக்கிறது. 1893-லேயே இந்த நோய்க்கென்று இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. 1973-இல் மட்டும் இந்த நோயால் நம் நாட்டில் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியால் அந்தத் தொகை இன்று சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. பெயரில் நாய் இருப்பதால் பூனையை நாம் மறந்துவிடுகிறோம். நாய்க்கு அடுத்தபடியாக இந்த நோய் அதிகம் காணப்படும் வீட்டுப் பிராணி பூனைதான். தெருப் பூனை கடித்தாலோ நகம் பட்டு இரத்தம் வந்தாலோ, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். அடி விழும் என்று பயந்து கடியை மறைக்கிற பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்றும் பலர் கேட்கிறீர்கள். அதிகமான ஹதீஸ்களை அறிவித்த ஸஹாபியை நாம் அபூஹுரைரா (ரழி) என்று பூனைக்குட்டியின் பெயரால்தான் அழைக்கிறோம். அபூகதாதா (ரழி) அவர்கள் தாம் வுழூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததும், பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வருகிற ஒன்று என்று நபியவர்கள் (ஸல்) சொன்னதாக அவர் விளக்கியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையும் நாம் அறிந்ததே. நபியவர்களின் பூனைக்கு முஅஸ்ஸா என்று பெயர், அது தூங்கியதால் அங்கியின் கையை வெட்டினார்கள் என்று முகநூலில் சுற்றும் கதை மட்டும் ஆதாரபூர்வமான ஹதீஸ் நூல்களில் இல்லை. அதைப் பகிர்வதைத் தவிர்ப்போம்.

அந்த எச்சரிக்கையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வைத்திருந்து உணவு கொடுப்பது. மற்றது, இரை தேடிக்கொள்ள விட்டுவிடுவது. இரண்டையும் செய்யாததே குற்றம். ஆகவே தெருவில் கண்ட ஒவ்வொரு பூனையையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எடுத்தால் அதற்கு உரியதைச் செய் என்பதே கேட்கப்படுகிறது.

இதை நன்றாக விளங்கிக்கொண்டவர் எகிப்தின் மம்லூக் சுல்தான் ஸாஹிர் பைபர்ஸ். 1260 முதல் 1277 வரை ஆண்டவர். கெய்ரோவில் பூனைகளின் உணவுக்காக ஒரு தோட்டத்தையே வக்பு செய்தார். தன் மாளிகைக்குள் பூனைகளை நிறைக்கவில்லை. அவற்றின் உணவுக்கு ஒரு நிலையான வருமானத்தை ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய 550 ஆண்டுகளுக்குப் பிறகு அந்நகரில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், தன் 1836 நூலில் அந்த வக்பின் கதி என்னவானது என்று சொல்கிறார். தோட்டம் கைமாறிக் கைமாறி வருமானம் அற்பமாகிவிட்டது. காழியாரே தன் செலவில் உணவு கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் பூனை வேண்டாம் என்று நினைத்தவர்களோ, கொல்ல மனமின்றி, அவற்றைக் கொண்டுவந்து காழியாரின் பெரிய முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார்கள்.

நம் பள்ளிவாசல் மதிலோரத்துக் காட்போட் பெட்டி நினைவுக்கு வருகிறதா? பெட்டி வைக்கிறவரும் கல்நெஞ்சர் அல்ல. தன் இரக்கத்தின் செலவை அவர் வேறொருவர் தலையில் வைத்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். இரக்கத்துக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். ஏற்பாடில்லாத இரக்கம் பெட்டியில் முடிகிறது, அல்லது மெத்தையில் மூத்திரமாக முடிகிறது.

அப்படியானால் என்ன ஏற்பாடு? மிருக வைத்தியர்கள் சொல்பவற்றை எளிமையாகத் தருகிறோம்.

வீட்டில் இருக்கும் பூனைகள் சண்டை பிடித்தால், முதலில் உணவுக் கோப்பைகளை ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் வையுங்கள். மண் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். அலுமாரி மேல், ஜன்னல் திட்டு என்று ஏறிப் படுக்க உயரமான இடங்கள் கொடுங்கள். ஒரு அறைக்கு ஒரே வழி இருந்தால், பலமான பூனை அந்த வழியில் படுத்தே மற்றதைப் பட்டினி போடும்; சீறாமல் நடக்கும் சண்டை அது. அடிக்க வேண்டாம், "தீர்த்துக்கொள்ளட்டும்" என்று விடவும் வேண்டாம். கருத்தடை செய்தால் எல்லைச் சண்டையும் மூத்திரம் தெளிப்பதும் பெரிதும் குறையும். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி முடியாமல் தவித்தால் அது கோபம் அல்ல, அடைப்பு. தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

புதிய பூனையை எடுப்பதானால் முதலில் வைத்தியரிடம் காட்டித் தடுப்பூசி போடுங்கள். பிறகு குறைந்தது இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். புதியது படுத்த துணியைப் பழையதற்கும், பழையது படுத்த துணியைப் புதியதற்கும் மோந்து பார்க்கக் கொடுங்கள். பூனைக்கு முதல் அறிமுகம் மூக்கு வழியாகத்தான். அடுத்து, சாத்திய கதவின் இரு பக்கமும் உணவு வையுங்கள். அதன் பிறகுதான் சில நிமிடம் நேருக்கு நேர். சில வீடுகளில் இது ஒரு மாதம் எடுக்கும், சிலவற்றில் பல மாதம். தனி அறை கொடுக்க முடியாத சிறிய வீடு என்றால், எடுக்காமல் இருப்பதும் இரக்கம்தான்.

தோட்டத்து உறவுகளுக்கு இன்னுமொன்று. தேயிலைச் செடியின் கீழ் குட்டியைக் கண்டால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். அத்தோடு நம் நாட்டில் துருநிறப் புள்ளிகள் கொண்ட மிகச் சிறிய காட்டுப் பூனை ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் கொள திவியா என்பார்கள். உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் அதுவும் ஒன்று. அதன் குட்டியைப் பார்த்தால் வீட்டுப் பூனைக்குட்டி என்றே நினைப்போம். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. சந்தேகம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

எங்கள் வீட்டில் எடுத்த முடிவையும் சொல்லிவிடுகிறோம். காது கிழிந்தவரை இப்போதைக்கு உள்ளே எடுப்பதில்லை. அவருக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் எங்கள் செலவு. பின்பக்கத் தாழ்வாரத்தில் மழை படாத ஒரு இடம், ஒரே நேரத்தில் ஒரே கோப்பையில் உணவு. உள்ளே இருக்கும் இருவரும் ஜன்னல் வழியே அவரைப் பார்த்துச் சீறாமல் இருக்கப் பழகினால், அடுத்த கட்டத்தை யோசிப்போம். பிள்ளைகளுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. உம்மா சம்மதித்துவிட்டார்.

ஊருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பெட்டைப் பூனை ஆறு மாதம் ஆகுமுன்னரே சினைப்படலாம். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஒரு கருத்தடை பல பெட்டிகளைத் தடுக்கும். அதன் செலவு தனியொரு குடும்பத்துக்குப் பாரம் என்றால், ஒரு தெருவுக்கு, ஒரு லயத்துக்கு, ஒரு பாடசாலைக்கு என்று சேர்ந்து செய்யலாம். பள்ளிவாசல், கோயில், பன்சல, தோட்டத் தலைவர்மார் எல்லோரும் பேசி அரச மிருக வைத்திய அலுவலகத்தோடு ஒரு நாளை ஒழுங்கு செய்தால், வருகிற மழைக்கு முன்னரே தொடங்கிவிடலாம். மிருகவதைத் தடுப்புக்கென்று நம் நாட்டில் இருக்கும் சட்டம் 1907-ஆம் ஆண்டினது. அதன் அபராதம் இன்றைக்கு ஒரு தேத்தண்ணிக் காசு. சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இது நம் கையில் இருக்கிற வேலை.

உங்கள் தெருவில், உங்கள் தோட்டத்தில் இதற்கு முன்வரக்கூடியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். அரிசிக் கடைப் பூனை, ஸ்டோர்ப் பூனை பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகள் இருந்தாலும் எழுதுங்கள். நம் ஊரின் வரலாறு அதிலும் இருக்கிறது.

வஸ்ஸலாம்.